கேஎன்-93 விட்டதும் கேவி மின்னோட்டம் குறைகிறது: கைனேஸ் வேலையா, சேனல் அடைப்பா?

கேள்வி: ஆய்வு மாணவர் ஒருவர், 4 ஜூன்

அக்கா, முயல் தமனியிலிருந்து பிரித்த மென்தசைச் செல்களில் பேட்ச் கிளாம்ப் (நுண்ணிய பிப்பெட்டால் ஒரு செல்லின் மின்னோட்டத்தை அளப்பது) செய்கிறேன். கேம்கைனேஸ்-2 என்ற நொதியைத் தடுக்கும் கேஎன்-93ஐ ஐந்து மைக்ரோமோலார் விட்டதும், கேவி (மின்னழுத்தத்தால் திறக்கும் பொட்டாசியம் சேனல்) மின்னோட்டம் பாதிக்கும் கீழே போகிறது. கேம்கைனேஸ்-2 தான் இந்தச் சேனல்களைத் திறந்து வைத்திருக்கிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? ஒரே ஒரு சிக்கல்: கேஎன்-92 விட்டாலும் குறைகிறது. அதைச் செயலற்ற ஜோடி என்றுதானே விற்கிறார்கள்? குப்பி கெட்டுப் போயிருக்கும், புதிதாக வாங்கு என்கிறார் வழிகாட்டி. பணம் போடுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

4 ஜூன், இரவு

குப்பி கெடவில்லை. புதிதாக வாங்கினாலும் இதே முடிவுதான் வரும்.

1999இலேயே மாண்ட்ரியலில் லெப்லாங்க் குழு இரத்தக் குழாய்த் தசைச் செல்களில் இதைச் செய்து எழுதிவிட்டது. கேஎன்-93, கேஎன்-92 இரண்டுமே கேவி சேனல்களைத் தடுக்கின்றன, கைனேஸுக்கு அதில் பங்கில்லை. 2006இல் வான்கூவரில் ஃபெடிடா குழு இன்னும் ஒரு படி போய், கேஎன்-93 இந்தச் சேனல்களை வெளிப்பக்கத்திலிருந்து நேரடியாகவே அடைக்கிறது என்று காட்டியது. கேஎன்-92 செயலற்றது என்பது கைனேஸைப் பொறுத்தவரை மட்டும். சேனலின் முன்னால் அது செயலற்றது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. உங்கள் கையில் இருப்பது கெட்டுப்போன கட்டுப்பாட்டுச் சோதனை இல்லை, தம்பி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட கட்டுப்பாட்டுச் சோதனை அது.

இது ஏன் தமனித் தசையில் இவ்வளவு முக்கியம் என்று மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அழுத்தத்தில் இருக்கும் சின்னத் தமனியின் தசைச் செல் சுமார் மைனஸ் 40 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் மைனஸ் 85க்குப் பக்கம். பொட்டாசியம் சேனல் ஒன்று திறந்தால் செல் அந்தப் பக்கம் இறங்கும், எல்-வகைக் கால்சியம் சேனல்கள் மூடும், தசை தளரும். சேனலை அடைத்தால் எல்லாம் தலைகீழ். இந்த இடத்தில் 3 மில்லிவோல்ட் நகர்ந்தாலே உள்ளே வரும் கால்சியம் இரண்டு மடங்கு வரை மாறக்கூடும் என்று நெல்சன் குழு கணித்தது. செல்லின் மின்தடை மிக அதிகம் என்பதால், சேனல்களில் ஒரு சின்னப் பங்கு அடைபட்டாலே மின்னழுத்தம் அவ்வளவு நகர்ந்துவிடும். கல்லீரல் செல்லிலோ நார்த்திசுச் செல்லிலோ கவலைப்படத் தேவையில்லாத ஒரு பக்க விளைவு, தமனியில் குழாயின் விட்டத்தையே மாற்றிவிடும். அப்புறம் அதை நொதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

4 ஜூன், சற்று நேரம் கழித்து

இரண்டு விஷயம் தேவை. மருந்து விட்டபின் எவ்வளவு நேரத்தில் குறைகிறது? கழுவினால் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது? முடிந்தால் மூலப் பதிவை ஏற்றுங்கள். சதவீதப் பட்டை வரைபடம் வேண்டாம், மின்னோட்டக் கோடு வேண்டும்.

5 ஜூன், காலை

கோடு பார்த்தேன். கட்டுப்பாட்டுப் பதிவில் மின்னோட்டம் ஏறி, துடிப்பு முடியும் வரை ஏறக்குறைய மட்டமாக நிற்கிறது. கேஎன்-93 விட்ட பதிவின் தொடக்கத்தை உற்றுப் பாருங்கள். முதல் சில மில்லி செகண்டு இரண்டும் ஒன்றாகத்தான் ஏறுகின்றன. அதற்கப்புறம் மருந்துக் கோடு மட்டும் சரிந்து, துடிப்பின் கடைசியில் பாதிக்கும் கீழே கிடக்கிறது. நீங்கள் அளந்தது கடைசிப் புள்ளியை. அதனால் பட்டை வரைபடத்தில் "50 சதவீதம் குறைவு" என்று மட்டும் தெரிகிறது, எப்படிக் குறைந்தது என்பது தெரியவில்லை.

சேனல் திறந்த பிறகு மருந்து வந்து அடைத்தால் கோடு இப்படித்தான் இருக்கும். பாஸ்பரிகரணம் (கைனேஸ் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுவது) குறைந்து சேனல்களில் பாதி வேலை நிறுத்தம் செய்திருந்தால் கோடு முழுவதும் ஒரே விகிதத்தில் தாழ்ந்திருக்கும், வடிவம் பெரும்பாலும் மாறாது. எப்போதும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பாஸ்பரிகரணமே சில சேனல்களின் மூடும் வேகத்தை மாற்றும். ஆனால் உங்கள் கோட்டோடு, நீங்கள் சொன்னபடி மின்னோட்டம் ஒரு நிமிடத்துக்குள் விழுந்து கழுவியதும் அதே வேகத்தில் எழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் குறைவு.

செய்ய வேண்டிய சோதனை ஒன்று. கேம்கைனேஸ்-2ஐத் தடுக்கும் பெப்டைடை பிப்பெட் கரைசலில் போடுங்கள். பெப்டைடு சவ்வைத் தாண்டாது, வெளியிலிருந்து சேனலை அடைக்க வழியில்லை. உள்ளே பரவ நேரம் கொடுங்கள், ஐந்து பத்து நிமிடம் காத்திருங்கள். மின்னோட்டம் அசையவில்லை என்றால் கைனேஸுக்கு இதில் வேலை இல்லை. அதற்கு மேல், பெப்டைடு உள்ளே இருக்கும்போதே வெளியே கேஎன்-93 விடுங்கள். கைனேஸ் ஏற்கனவே அடங்கியிருக்கும் செல்லில் மின்னோட்டம் மறுபடி விழுந்தால் முடிந்தது கதை.

5 ஜூன், மதியம்

டிஎம்எஸ்ஓ கட்டுப்பாட்டை மறந்துவிடாதீர்கள். கரைப்பான் எவ்வளவு சதவீதம் போகிறதோ அதே அளவு தனியாக விட்டுப் பார்த்த செல் ஒவ்வொரு நாளும் ஒன்றாவது இருக்க வேண்டும்.

5 ஜூன், இரவு

"கேஎன்-93 மட்டும்தான் இப்படியா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இல்லை. வருத்தமான அளவுக்கு நீளமான பட்டியல் உண்டு.

கொரியாவில் வொன் சன் பார்க் குழு முயலின் கரோனரித் தமனிச் செல்களில் ஒவ்வொரு தடுப்பானாக எடுத்துச் சோதித்துக்கொண்டே வந்தது. பிகேசி, பிகேஏ இரண்டும் வேறு கைனேஸ்கள். பிகேசி தடுப்பான் பிஸ்இண்டோலைல்மேலிமைடு-1 கேவி சேனலை நேரடியாகத் தடுத்தது. செலரித்ரினும் பிகேசி பெப்டைடும் அதைச் செய்யவில்லை. பிகேஏ தடுப்பான் எச்-89 தடுத்தது, வேறு அமைப்புள்ள பிகேஏ தடுப்பான்கள் தடுக்கவில்லை. ஸ்டாரோஸ்போரினும் அந்தப் பட்டியலில் உண்டு. 1977இல் சதோஷி ஓமுரா குழு மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள்தான். அது பிகேசியைத் தடுக்கிறது என்பது 1986இல் தெரியவந்தது, ஏறக்குறைய எல்லாக் கைனேஸ்களையும் தடுக்கிறது என்பது அப்புறம்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கக் காரணம் உண்டு. பரபரப்பான முடிவு எதுவும் இல்லை. "இந்த மருந்தை இந்தத் தசையில் நம்பாதே" என்று மட்டும் சொல்லும் கட்டுரைகள் இவை. பெரிய இதழ்கள் இதற்கு இடம் தருவதில்லை. ஆனால் என் மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை இவைதான்.

எச்-89 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2000இல் டண்டீயில் பிலிப் கோஹன் குழு, ஆய்வகங்கள் அன்றாடம் பயன்படுத்தும் 28 தடுப்பான்களைக் கைனேஸ் வரிசை ஒன்றின் மேல் ஓட்டிப் பார்த்தது. எச்-89 எந்தப் பிகேஏவுக்காக விற்கப்படுகிறதோ, அதற்கு நிகராகவோ அதைவிட வலுவாகவோ எம்எஸ்கே1, எஸ்6கே1, ராக்-2 ஆகிய வேறு கைனேஸ்களைத் தடுத்தது. ராக் கைனேஸ் தமனித் தசையில் சுருக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது. அதைத் தடுத்தால் தசை தளரும். கேவி சேனலை அடைத்தால் தசை சுருங்கும். ஒரே குப்பிக்குள் இரண்டு எதிர்த் திசைகள். சோதிக்கும் தமனி வளையம் அசையாமல் நின்றாலும் "பிகேஏவுக்கு இங்கே பங்கில்லை" என்று எழுத முடியாது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கலாம்.

6 ஜூன்

"பேட்ச் கிளாம்ப் கருவி எங்களிடம் இல்லை, தமனி வளையத்தின் இழுவிசையை அளக்கும் உறுப்புத் தொட்டி மட்டும்தான். நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?" நல்ல கேள்வி, பெரும்பாலானவர்களின் நிலைமையும் இதுதான்.

நான் அதிகம் வேலை செய்தது ஆட்டின் கரோனரித் தமனியில். இறைச்சிக் கூடத்திலிருந்து இதயத்தைக் குளிர்ந்த கிரெப்ஸ் கரைசலில் வாங்கி வந்து, கொழுப்பை நீக்கி, மூன்று மில்லிமீட்டர் வளையமாக வெட்டுவோம். கொழுப்பு எடுக்கும்போது கத்தரியின் நுனி தமனியைத் தொட்டால் அந்தத் துண்டு அப்போதே குப்பைக்குப் போகும். வளையத்துக்குள் இரண்டு எஃகுக் கொக்கிகள். கீழ்க் கொக்கி நிலையாக இருக்கும், மேல் கொக்கி இழுவிசை மானியோடு கட்டியிருக்கும். 37 டிகிரி, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் குமிழியாக வரும். ஒன்றரை மணி நேரம் வளையத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, கரைசலை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவசரப்பட்டவர்களின் பதிவுகள் அன்று முழுக்க மெதுவாகக் கீழே நழுவிக்கொண்டே இருக்கும்.

இனி சோதனை. ஒரு நொதித் தடுப்பான் வளையத்தைத் தளர்த்துகிறது என்று வையுங்கள். அதே மருந்தை இரண்டு வளையங்களில் விடுங்கள். ஒன்றை யு46619 போலத் தமனியைச் சுருக்கும் மருந்து ஏதாவது ஒன்றால் சுருக்குங்கள், இன்னொன்றை 60 மில்லிமோலார் பொட்டாசியத்தால் சுருக்குங்கள். சாதாரண கரைசலில் செல்லுக்கு வெளியே பொட்டாசியம் 5 மில்லிமோலார், உள்ளே சுமார் 140. பொட்டாசியத்தின் சமநிலை மைனஸ் 89 மில்லிவோல்ட். வெளியே 60 ஆக்கினால் அது மைனஸ் 23க்கு ஏறிவிடும். அதற்கப்புறம் பொட்டாசியம் சேனலை எவ்வளவு திறந்தாலும் செல் கீழே இறங்க இடமில்லை. ஆக, முதல் வளையம் தளர்ந்து இரண்டாவது தளராவிட்டால் உங்கள் தடுப்பான் எங்கேயோ பொட்டாசியம் சேனலைத் திறந்துகொண்டிருக்கிறது. இரண்டும் தளர்ந்தால் கால்சியம் சேனல் அடைப்போ, சுருங்கும் இயந்திரத்தின் மேலேயே விளைவோ இருக்கலாம்.

தடுப்பான் வளையத்தைச் சுருக்கினால், எல்-வகைக் கால்சியம் சேனலை அடைக்கும் நிஃபெடிபின் விட்டுப் பாருங்கள். சுருக்கம் முழுதும் மறைந்தால் அது பெரும்பாலும் சவ்வு மின்னழுத்தம் வழியாக வந்தது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நார்டைஹைட்ரோகுயரெடிக் அமிலம். லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதியின் தடுப்பான் என்று விற்பது. பன்றியின் கரோனரித் தசையில் அது பிகே சேனலை (கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் சேனல் ஒன்று) திறந்துவிடுகிறது என்று 1990களின் இரண்டாம் பாதியில் ஜப்பானியக் குழுக்கள் காட்டின. அதை விட்டுத் தமனி தளர்ந்தது, ஆகவே லிப்பாக்சிஜினேஸ் பொருள் ஒன்று தமனியைச் சுருக்கிக்கொண்டிருந்தது என்று வாதம் போனால் அஸ்திவாரமே இல்லாமல் போகும்.

8 ஜூன், காலை

"இதெல்லாம் ஒரு வரி எச்சரிக்கை எழுதிக் கடந்து போக வேண்டிய விஷயம், பெரிய கருத்துகள் எதையும் இது கெடுத்ததில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. நுரையீரல் தமனியின் கதையைப் பாருங்கள்.

உடம்பில் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் தமனி விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். காற்று வராத பகுதிக்கு இரத்தத்தை அனுப்பி என்ன பயன்? 1946இல் ஃபான் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனையில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆக்சிஜன் குறைவதை எது உணர்கிறது என்பது அதற்குப் பிறகு பல பத்தாண்டு ஓடிய கேள்வி. என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்பது ஒரு விடை. அதற்கு வலுவான ஆதாரங்களில் ஒன்று, அந்த நொதியைத் தடுக்கும் டைபினைலீன்அயோடோனியம் விட்டால் நுரையீரல் சுருங்குவது நின்றுவிடுகிறது என்பது.

1994இல் வியர், ஆர்ச்சர், ரீவ் முதலானோர் அதே மருந்தை நுரையீரல் தமனித் தசைச் செல்லின் மேல் நேராக விட்டார்கள். பொட்டாசியம் மின்னோட்டமும் குறைந்தது, கால்சியம் மின்னோட்டமும் குறைந்தது. கால்சியம் வழியே அடைபட்டால் தமனி எதற்கும் சரியாகச் சுருங்காது. உணரும் பொறி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதை அந்தச் சோதனையால் சொல்லவே முடியாது. 1999இல் அதே ஆர்ச்சர் குழு, அந்த நொதியின் ஜிபி91 துணைப்புரதம் இல்லாத எலிகளை எடுத்தது. அவற்றிலும் நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைவில் சுருங்கியது.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு குப்பி மருந்தை நம்பி எத்தனை மாணவர்களின் நேரம் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கும்.

8 ஜூன், மாலை

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஜிபி91 இல்லாத எலி சொன்னது அந்த ஒரு வடிவத்தைப் பற்றி மட்டும். ஆக்சிடேஸ் குடும்பத்தில் நாக்ஸ்4 போல வேறு வடிவங்களும் தமனித் தசையில் உண்டு. ஆகவே கருதுகோள் முழுதும் செத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. செத்தது, டைபினைலீன்அயோடோனியத்தை அதற்குச் சாட்சியாக நிறுத்தும் உரிமை. மரபணு நீக்கமும் முழு விடை ஆகாது, வளரும்போதே உடம்பு வேறு வழியில் ஈடுகட்டியிருக்கலாம். மருந்தும் மரபணுவும் ஒரே திசையில் கை காட்டும்போதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

10 ஜூன்

பக்க விளைவைப் பற்றித் திட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று தோன்றலாம். அதே பக்க விளைவிலிருந்து புது மருந்து பிறந்த கதை ஒன்று உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படர்தாமரைக்குத் தடவும் களிம்பில் இருக்கும் க்ளோட்ரிமசோல், பூஞ்சையின் சைட்டோக்ரோம் பி450 நொதியைத் தடுக்கிறது. அதன் இமிடசோல் வளையத்தில் உள்ள நைட்ரஜன் நொதியின் ஹீம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நம் நொதிகளையும் அது தடுக்கும் என்பதால் ஆய்வகங்களில் அதைப் பொதுவான பி450 தடுப்பானாக வைத்திருந்தார்கள்.

1958இல் புடாபெஸ்டில் கார்டோஷ் ஒன்றைக் கவனித்திருந்தார்: சிவப்பணுவுக்குள் கால்சியம் போனால் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. அந்த வழிக்கே கார்டோஷ் சேனல் என்று பெயர் வந்தது, இப்போது கேசிஏ3.1. 1992இல் ஸ்பெயினில் அல்வாரெஸ், மோன்டேரோ, கார்சியா-சாஞ்சோ மூவரும் பி450 தடுப்பான்கள் இந்தச் சேனலை மிகக் குறைந்த அளவிலேயே அடைக்கின்றன என்று எழுதினார்கள். அவற்றுள் க்ளோட்ரிமசோல்தான் பலமானது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தமனிக்கு வாருங்கள். நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் நிறுத்திய பிறகும் தமனியின் உள்ளடுக்கு தசையைத் தளர்த்துகிறது. அந்த மீதிக்கு இடிஎச்எஃப் என்று பெயர். 1996இல் விஸ்கான்சினில் கேம்பெல் குழு, மாட்டின் கரோனரியில் அது எபாக்சி-ஐகோசாட்ரைஈனோயிக் அமிலங்கள், பி450 உண்டாக்குபவை, தசையின் பிகே சேனலைத் திறப்பவை என்று காட்டியது. உடனே எல்லாரும் தங்கள் தமனியில் பி450 தடுப்பான் ஒன்றை விட்டார்கள். தளர்ச்சி குறைந்தால் பி450 என்று எழுதினார்கள்.

அதே 1996இல் எட்வர்ட்ஸ், சிக்மண்ட், ஹோகெஸ்டாட், வெஸ்டன் நால்வரும் எலியின் போர்ட்டல் சிரைத் தசையில் இந்தத் தடுப்பான்களை வரிசையாக விட்டுப் பொட்டாசியம் மின்னோட்டங்களை அளந்தார்கள். நொதியைத் தடுக்கும் பொருள்கள் பொட்டாசியம் மின்னோட்டங்களையும் அடைத்தன. எலித் தமனியில் இடிஎச்எஃப் தளர்ச்சி எதனால் நிற்கிறது தெரியுமா? பொட்டாசியம் சேனல்களை அடைக்கும் நஞ்சுகளான ஏப்பமினும் சாரிப்டோடாக்சினும் சேர்ந்து விட்டால். சாரிப்டோடாக்சினுக்குப் பதில் ஐபீரியோடாக்சின் போட்டால் நிற்பதில்லை. பிகே சேனலை மட்டும் அடைப்பது ஐபீரியோடாக்சின். சாரிப்டோடாக்சின் கேசிஏ3.1ஐயும் அடைக்கும். க்ளோட்ரிமசோலும் அதே கேசிஏ3.1ஐ அடைக்கிறது. இப்போது சொல்லுங்கள், க்ளோட்ரிமசோல் விட்டதும் தளர்ச்சி நின்றால் நொதி நின்றதா, சேனல் நின்றதா?

கரோனரித் தமனியில் கேம்பெல் சொன்னதற்கு வேறு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன, அது நிற்கிறது. எலியின் குடல் தமனியில் நிற்கவில்லை. ஒவ்வொரு தமனிக்கும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும் என்பதுதான் கேட்க அலுப்பாக இருக்கும் உண்மை.

மருந்துக் கதைக்கு வருகிறேன். 2000இல் ஹைக்கே வுல்ஃப் க்ளோட்ரிமசோலை எடுத்து, ஹீமைப் பிடிக்கும் இமிடசோலைக் கழற்றி பைரசோலை மாட்டினார். நைட்ரஜன் இடம் மாறியது, இரும்பைப் பிடிக்கும் பிடி தளர்ந்தது, சேனலை அடைக்கும் குணம் மட்டும் தங்கியது. அதுதான் டிராம்-34. இன்று உள்ளடுக்கில் வேலை செய்யும் ஆய்வகங்களின் குளிர்பெட்டிகளில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் பொருள். அதே சேனலைக் குறிவைத்து அரிவாள் செல் நோய்க்காக செனிகபாக் வந்தது. சிவப்பணு சிதைவதைக் குறைத்தது, வலி நெருக்கடிகளைக் குறைக்கவில்லை, மூன்றாம் கட்டத்தோடு நிறுத்தினார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: 2013இல் டிராம்-34 மனித பி450 நொதிகளில் சிலவற்றைத் தடுக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. எதைத் தவிர்க்க அதைச் செய்தார்களோ அதே. அளவு முக்கியம். சேனலுக்கு 20 நானோமோலார் போதும், ஒரு மைக்ரோமோலாருக்கு மேல் ஏன் போகிறீர்கள் என்று கேட்கும் மதிப்பீட்டாளர் கிடைத்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

11 ஜூன்

மூட்டுவலிக்குச் செலிகாக்சிப் சாப்பிடும் அம்மாவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையை வைத்து மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் அறிவியல் கேள்வி இங்கே பொருத்தமானதுதான்.

ரோஃபெகாக்சிப் மாரடைப்பு அபாயத்தால் 2004 செப்டம்பர் 30 அன்று திரும்பப் பெறப்பட்டது. செலிகாக்சிப் கடையில் தங்கியது. இரண்டும் ஒரே காக்ஸ்-2 நொதியைத் தடுப்பவை. 2009இல் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் பைரன் குழு இரண்டையும் தமனித் தசையில் ஒப்பிட்டது. செலிகாக்சிப் கேவி7.5 என்ற கேவி வகைச் சேனலின் மின்னோட்டத்தைக் கூட்டியது, எல்-வகைக் கால்சியம் மின்னோட்டத்தைக் குறைத்தது. இரண்டுமே தமனியைத் தளர்த்தும் திசை. ரோஃபெகாக்சிப்பும் டைக்ளோஃபெனாக்கும் அதைச் செய்யவில்லை. அபாய வேறுபாட்டுக்கு இது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் முன்வைத்தார்கள்.

எனக்கு இந்த யோசனை பிடிக்கும், ஆனால் முழுதும் நம்பவில்லை. காக்ஸ்-1ஐ விட்டு காக்ஸ்-2ஐ மட்டும் பிடிக்கும் அளவிலேயே இரண்டும் வேறு, உடம்பில் தங்கும் நேரமும் வேறு. சேனல் ஒன்றாலேயே இந்த வித்தியாசம் வந்தது என்று காட்ட நோயாளிகளில் ஒரு சோதனை வேண்டும், அதை யார் எப்படி நடத்துவது?

13 ஜூன்

தம்பி பதிவு போட்டிருக்கிறார், பார்த்தீர்களா? பெப்டைடு உள்ளே இருந்த செல்களில் மின்னோட்டம் பத்து நிமிடமும் அப்படியே நின்றது. அதன் மேல் வெளியே கேஎன்-93 விட்டதும் சரிந்தது. வழிகாட்டி இப்போது என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒளித்து வைக்காதீர்கள். முதல் அத்தியாயமாகப் போடுங்கள். பெப்டைடு உண்மையிலேயே கைனேஸை அடக்கியது என்று காட்ட ஒரு நேர்மறைச் சோதனையும் வேண்டும். அந்தச் செல்லில் கைனேஸைச் சார்ந்தது என்று ஏற்கனவே தெரிந்த ஏதாவது ஒன்று பெப்டைடால் நின்றது என்று காட்டினால் யாரும் வாய் திறக்க முடியாது. அது இல்லாவிட்டால் "உங்கள் பெப்டைடு வேலை செய்யவில்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

கேஎன்-62 உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். கேஎன்-93க்கு நெருங்கிய சொந்தம் அது. சொந்தத்தை விட்டு வெளியே போங்கள்.

14 ஜூன்

கடைசியாக வந்த கேள்வி: "கண் அழுத்தத்துக்குத் தரும் அசெட்டசோலமைடு கார்பானிக் அன்ஹைட்ரேஸ் தடுப்பான்தானே, அதுவும் தமனியைத் தொடுமா?"

தொடும். 2001இல் நெதர்லாந்தில் பிக்கர்ஸ் குழு அதை மனிதர்களின் முன்கைத் தமனிக்குள் நேராகச் செலுத்தி இரத்த ஓட்டத்தை அளந்தது. ஓட்டம் கூடியது. பொட்டாசியம் சேனலை அடைக்கும் டெட்ராஈத்தைல்அமோனியம் சேர்த்து விட்டபோது அந்தக் கூடுதல் குறைந்தது. கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் சேனல் என்று முடிவு செய்தார்கள். எலும்புத் தசையில் இந்தக் குடும்பத்து மருந்துகள் பிகே சேனலைத் திறப்பதை 2004இல் பாரியில் டிரிகாரிகோ குழுவும் கண்டது. ஹைட்ரோகுளோரோதையசைடு தமனியைத் தளர்த்துவதிலும் இதே சேனலின் கை தெரிகிறது. தையசைடிலிருந்து சிறுநீர் பெருக்கும் குணத்தை நீக்கி வந்த டயசாக்சைடு, கே-ஏடிபி என்ற இன்னொரு பொட்டாசியம் சேனலைத் திறப்பதையே முழுநேர வேலையாகச் செய்கிறது.

இங்கே நொதியும் சேனலும் உண்மையிலேயே சிக்கிக்கொள்கின்றன. நொதியைத் தடுத்தால் செல்லின் அமில நிலை மாறும், பிகே சேனல் அமில நிலைக்கு ஆடும். ஆக, மருந்து சேனலைத் தொட்டதா, அமில நிலை தொட்டதா என்று பிரிக்க, சவ்வுத் துண்டைப் பிய்த்தெடுத்து இருபுறமும் அமில நிலையைப் பூட்டி வைத்த பதிவு வேண்டும். உறுப்புத் தொட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் இதில் இறங்குவதாக இருந்தால், நொதியைத் தடுக்காத மீத்தைல் மாற்று அசெட்டசோலமைடை ஜோடிக் கட்டுப்பாடாக எடுத்துக்கொள்ளலாம். அதையும் முதலில் சேனலின் மேல் விட்டுப் பார்த்துவிட்டு.